தோளை விட்டு இறங்கிய துண்டு

என் கல்யாணத்தன்று நான் அழுதேன். பெண் அழவில்லை, நான்தான். சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னேன். பொய். அழுதது ஒரு துண்டுக்காக.

சேலத்து நெசவுக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, எனக்கென்றே நெய்து வாங்கிய சரிகைத் துண்டு அது. மடிப்புக் கலையாமல், கஞ்சி மொடமொடப்போடு... அந்தப் புது வாசனை இப்போதும் மூக்கிலேயே நிற்கிறது. மேட்டூரில் அணை கட்ட ஆரம்பித்திருந்த காலம். ஊரெல்லாம் அணையைப் பற்றிப் பேசியது. நான் என் துண்டைப் பற்றி மட்டும் பேசினேன்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை? இந்தப் பத்திரிகைக்காரர்கள் கிளப்பிவிட்ட கோபம்தான்! காலையில் பிரித்தால் 'நெருக்கடி'. சீமெண்ணெய்க்கு நெருக்கடி, அரிசிக்கு நெருக்கடி, மந்திரி இருமினால் நெருக்கடி. போன வாரம் முற்றிய நெருக்கடி இந்த வாரமும் முற்றுகிறது. கத்தரிக்காய்கூட இத்தனை தடவை முற்றாது ஐயா!

எங்கள் நாமக்கல் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கே வேலை இருக்கவில்லை. துண்டு போதும். பேச்சு தடித்து, தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தால் "துண்டு எறங்கிருச்சு" என்பார்கள். பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "முறுக்கறான்" என்றால் பெரியவர்கள் நடுவில் போய் உட்கார வேண்டும். "ஒதறிட்டான்" என்றால் உறவே தீர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டவன் அப்புறமும் வண்டி பூட்டாமல் நின்றால் அவனுக்கு மானமில்லை.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு என்பதை என் கல்யாணத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

கல்யாணம் எங்கள் வீட்டில். நான் மாப்பிள்ளைக் கோலத்தில் உள்ளறையில் இருந்தேன். பெண்ணின் தாய்மாமன் காவிரிக்கு அக்கரையிலிருந்து வரவேண்டும். அவர் செய்யவேண்டிய சீர் முடியாமல் தாலி கட்ட முடியாது. மனுஷர் வந்தார். ஆனால் பந்தலுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். யார் கூப்பிட்டாலும் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்கிறாராம்.

எனக்குச் செய்தி கொண்டுவந்தவள் என் அத்தை.

"கெட்டுது போ சாமி! வந்தப்ப அவரை வாங்கன்னு ஒருத்தரும் கேக்கலையாமா. துண்டு எறங்கிருச்சு."

ஓடினாள். மறுபடி வந்தாள்.

"முறுக்கறாராமா..."

"அத்தே, நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்கறது? கூட்டம் மறைக்குது. வெளிய பேசிக்கறாங்க சாமி."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணை அதுவரை பாதி முகம்தான் பார்த்திருந்தேன். மீதியைப் பார்க்காமலே போய்விடுவேனோ?

அடுத்த தடவை அத்தை மார்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒதறறதென்ன சாமி, துண்டையே வீசிட்டாராமா! வெறுந்தோளா நிக்கறாரு!"

அப்பா எழுந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். என் தோளிலிருந்த சரிகைத் துண்டை உருவிக்கொண்டு வெளியே நடந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட, நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அப்பா அதை இரண்டு கையாலும் அவர் தோளில் போர்த்தி, "அண்ணா, குத்தம் எங்களுதுங்க. ஊட்டுக்குள்ள வாங்க" என்றார்.

மாமன் துண்டைத் தடவிப் பார்த்தார். சரிகையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாக, "அதுக்கென்னுங்க, வாரேன்" என்று உள்ளே வந்தார்.

நான் பழைய ஈரிழைத் துண்டோடு தாலி கட்டினேன். அவர் எனக்கு எதிரிலேயே நின்று என் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்போது வந்தது அழுகை. ஒரு 'வாங்க'வுக்காக ஒரு மனிதன் இவ்வளவு கூத்து அடிப்பானா? இந்தக் கோபத்தை இன்றுவரை சோறு போட்டு வளர்த்து வருகிறேன்.

ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் என் அப்பா எழுந்து நடந்தார். இன்றைக்கு 'நெருக்கடி முற்றியது' என்று கொட்டை எழுத்தில் படித்துவிட்டு, நான் கொட்டாவி விட்டு இன்னொரு காப்பி கேட்கிறேன். அப்போது சொல்லுக்கு ஒரு பயம் இருந்தது. நடந்ததை நடந்தபடி, அளந்து சொன்ன ஜனங்கள்...

இவ்வளவையும் எழுதி என் வீட்டுக்காரியிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவள், முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க மாமன் எங்கீங்க கோவிச்சாரு? பரிசல்ல வாரப்பவே அவரு துண்டு காத்துல பறந்து ஆத்தோட போயிருச்சு. வெறுந்தோளோட எப்படி உள்ள வாரதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நின்னாரு."