கீழ் வயலுக்குப் போகும் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். முதுகில் ப்ளாக் ஆபீஸிலிருந்து வாங்கி வந்த ஸ்பிரேயர், மூக்கைச் சுற்றித் துண்டு — பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலுக்குப் பூச்சி மருந்து அடிக்கக் கிளம்பிவிட்டேன். நெற்பயிரில் குருத்துப்பூச்சி. விட்டால் ஒரு கதிர்கூட மிஞ்சாது என்று, விவசாய யோசனை சொல்ல வரும் கிராம சேவக் பயமுறுத்தியிருந்தார்.

வயலில் இறங்கப் போனால்... வரப்பில் தண்ணீர் இறங்க வெட்டிவிட்ட வாமடையை மறித்து உட்கார்ந்திருந்தாள் கருப்பாயி. கீழ் வயல்காரி. கண்மாய்த் தண்ணீர் என் வயலில் பாய்ந்து, அந்த வாமடை வழியாகத்தான் அவள் வயலுக்கு இறங்க வேண்டும். அவளுக்கு வேறு வாய்க்கால் கிடையாது.

மருந்து கலந்த தண்ணீர் தன் வயலுக்கு வரக் கூடாது என்றாள்; எழுந்திருக்கவில்லை. நானும் விடவில்லை. விஞ்ஞானம், விளைச்சல், நாட்டின் உணவுப் பஞ்சம் என்று ஒரு லெக்சரே அடித்தேன். வேண்டுமானால் பத்து நாளைக்கு வாமடையை அடைத்துவிடுகிறேன் என்றேன். அதுவரை தன் பயிர் எதைக் குடிக்கும் என்று கேட்டாள்.

"மருந்தடிக்கிறது ஒங்க இஷ்டம்ண்ணே. என் வயலுக்கு வார தண்ணி எப்படி வரணுங்கிறது என் இஷ்டம்" என்றாள்.

கோபம் வந்துவிட்டது எனக்கு. போன வருஷமும்தான் அடித்தேன், அப்போது என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்க அடிச்ச மறுநாள் எங்க வயல்ல அயிரை மீனா மெதந்துச்சு. பிடிக்காமலே கெடைச்சிருச்சேன்னு அள்ளியாந்து கொழம்பு வச்சேண்ணே. எம்மக மூணு நாளு புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில கெடந்தா. பொழச்சதே பெருசு. ஒங்ககிட்ட வந்து சொல்ல அன்னைக்கு எனக்குத் தெம்பில்ல. இன்னைக்கு இருக்கு."

துண்டை அவிழ்த்தேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது — அந்தப் பெண் பிழைக்காமல் போயிருந்தால்?

திங்கட்கிழமையே ஸ்பிரேயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது தினமும் காலையில் நானும் என் மனைவியும் வயலில் இறங்கி, பூச்சி முட்டை வைத்த இலை நுனிகளைக் கிள்ளிக் கொளுத்துகிறோம். வாமடைக்கு அந்தப் பக்கம் கருப்பாயியும் அவள் மகளும். இடுப்பு ஒடிகிறது. விளைச்சல் கொஞ்சம் குறையத்தான் செய்யும், குறையட்டும். இனி இந்த வயலில் மருந்து இல்லை. கிராம சேவக் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மருந்தடித்த பெருமையைப் போன வருஷம் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் அளந்தவன் நான்தான். எங்கே கிடைக்கும் என்று கேட்டு எத்தனை பேர் தபால் கார்டு போட்டீர்கள்! வாங்கிவிட்டீர்களா?

அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை — உங்கள் வயலுக்குக் கீழே யார் வயல் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.