இறக்காமத்துத் துருசும் அணு உலையைப் பிரித்தவரும்

போதிய காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நாட்டில் அணுமின் நிலையம் கட்டுவது பற்றிக் கதைக்கிறார்கள். எங்கே கட்டுவது, யாருடைய உதவியோடு கட்டுவது என்றெல்லாம் கேட்கிறார்கள். காலம் முடிந்தபின் அதை மூடுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், எண்ணெயில் ஓடும் மின்நிலையம் ஒன்றின் திட்ட அறிக்கையில் அந்தக் கேள்வியை நான் எழுதினேன். "பிள்ளை பிறக்க முந்தி அடக்கத்துக்குக் கபன் துணி அளக்கிறாரு" என்று மேலதிகாரி கூட்டத்தில் சிரித்தார். அடுத்த மாதம் எனக்கு இடமாற்றம். நான் மறக்கவில்லை.

இந்த ஓகஸ்டில் யோஹான் வந்தார். ஜெர்மனியின் வடக்குக் கரையில் ஓர் அணு உலையை இயக்கியவர். அது நிறுத்தப்பட்ட பின் அதையே துண்டு துண்டாகப் பிரித்தவர். எனக்குப் பழைய பயிற்சி ஒன்றில் பழக்கம். மகள் அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட, இவருக்கு மணல் அலுத்துவிட்டது. பொத்துவிலில் பஸ் ஏறி, இரண்டரை மணித்தியாலத்தில் நான் இருக்கும் கல்முனைக்கு வந்துவிட்டார்.

மறுநாள் காலை 6.40க்கு இறக்காமத்துக் குளம் பார்க்கப் புறப்பட்டோம். முச்சக்கர வண்டிக்கு நாள் வாடகை ஆறாயிரம் ரூபாய் (ஏழாயிரம் கேட்பார்கள்). மாவடிப்பள்ளியைத் தாண்டும்போது ஓட்டுநர் ரிஸ்வி மெதுவாகக் கேட்டான்.

"காக்கா, இவர் அணுகுண்டு செய்யிறவரா?"

"இல்ல தம்பி. கரண்ட் எடுக்கிற உலையக் கழட்டுறவர்."

"கழட்டுறத்துக்கா இவ்வளவு படிச்ச? என்ட மச்சான் ஒரு லொறிய ஒரு நாளையில கழட்டுவான்."

மொழிபெயர்த்தேன். "இருபது வருடத்துக்கு மேலாகக் கழற்றுகிறோம், இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள்" என்றார் யோஹான். ரிஸ்வி வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியில் அவரை இன்னொரு முறை பார்த்தான்.

28 கிலோமீட்டர். 7.50க்குக் குளக்கட்டில் நின்றோம். விவசாயிகளுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஹனீபா காக்கா, இரும்புப் பிடியைச் சுற்றி, குளத்தின் மதகான துருசை மூடிக்கொண்டிருந்தார். சிறுபோக நெல்லுக்கு அதுதான் கடைசித் தண்ணீர். யார் சொல்லி மூடுகிறார் என்று யோஹான் கேட்டார்.

"கன்னக் கூட்டம்" என்றார் ஹனீபா காக்கா. "விதைக்க முந்தியே எல்லாரும் கூடி, திறக்கிற நாளும் மூடுற நாளும் ஒரே கடதாசியில எழுதுற. மூடுற நாள் இல்லாம திறக்க உடமாட்டம்."

யோஹான் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "எங்கள் உலையின் முதல் கடதாசியில் மூடுகிற அந்த இரண்டாவது திகதி இருக்கவில்லை" என்றார். பிறகு, தண்ணீர் எங்கே கசிகிறது என்று கேட்டார்.

"மூணாம் வாய்க்கால்ல. போன போகம் நான் நித்திரையாப் போயிட்டன், கட்டு உடைஞ்சி தண்ணி வீணாப் போன. நான்தான் கூட்டத்தில எழும்பிச் சொன்ன."

"ஏசல்லையா?" என்றேன்.

"ஏசாமலா! இப்பவும் நித்திரை விதானை எண்டுதான் கூப்பிடுற. ஆனா வேலையால நிப்பாட்டல்ல. நான் சொல்லாட்டி உடைப்பு எங்க எண்டு யாருக்குத் தெரியும்?"

யோஹான் குளக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். உலையைப் பிரிக்கத் தொடங்குமுன் அவர்களது நிர்வாகம் பழைய தொழிலாளர்களை அழைத்ததாம். கதிரியக்கத் தண்ணீர் எங்கே சிந்தியது, எதை மறைத்தீர்கள், சொல்லுங்கள், தண்டனை இல்லை என்று முதலில் கடிதம் கொடுத்ததாம். "முதலில் எழும்பியவன் நான். இளம் வயதில் நான் சிந்தியது எந்த வரைபடத்திலும் இல்லை. அது தெரியாமல் வெட்டியிருந்தால் வெட்டியவர்களுக்குத்தான் ஆபத்து." எளிதில் எவரையும் பாராட்டாத எனக்கு அந்த இருவரையும் பார்க்கப் பொறாமையாகவே இருந்தது.

போக விரும்புவோர் ஏழு மணிக்கு முன் புறப்படுங்கள். தொப்பியும் தண்ணீரும் தேவை. மாலை நான்குக்குள் திரும்பிவிடுங்கள். பிறகு வயலுக்கு யானை இறங்கும். அணுமின் நிலையம் கட்ட விரும்புவோரும் ஒருமுறை போங்கள்.

இதை எழுதி முடித்து, கீழே என் முழுப்பெயரைப் பட்டம் பதவியோடு போட்டேன். பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவு சந்தோசமாக எதையும் எழுதியதில்லை. மனைவி வாசித்தாள். அவளுடைய தம்பி நான் விட்டுவந்த அதே அலுவலகத்தில் இருக்கிறான். அடுத்த மாதம் அவனுக்குப் பதவி உயர்வு நேர்முகப் பரீட்சை. கேள்வி கேட்கப்போவது அதே மேலதிகாரி.

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள். "ஆனா இந்த முறை இடமாற்றம் உங்களுக்கில்ல, என்ட தம்பிக்கு."

ஓட்டுநரின் பெயரையும் விதானையின் பெயரையும் மாற்றிவிட்டேன். யோஹானுக்குக் கிடைத்த அந்தக் கடிதம் இங்கே இன்னும் எவருக்கும் எழுதப்படவில்லை. எழுதப்படும் நாளில் என் பெயரைச் சேர்த்துக்கொள்வேன். இப்போது அதை அழித்துவிட்டுப் பதிவிடுகிறேன்.