ஒடிந்த கையும் பதினெட்டுக் கிலோவும்

நட்டஈடு கேட்டு அட்டன் லேபர் ஒபிஸுக்கு நான் அலைந்தது அது நாலாவது தடவை. போகும்போதெல்லாம் ஒரு கடதாசி குறையும். ஒருமுறை டாக்டர் துண்டு, இன்னொருமுறை அடையாள அட்டைப் பிரதி. போதும் போதுமென்றாகிவிட்டது. ஆனால் போகாமல் இருக்க முடியுமா? வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. மடங்காத விரலால் கொழுந்து கிள்ள முடியாது. எனக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான்.

விழுந்தது மத்தியானம். மழைக்கு மலை வழுக்கியது. மழைத்தண்ணி ஓட வெட்டின நாசமாய்ப் போன கான், புல் மூடிக் கிடந்ததில் கண்ணுக்கே தெரியவில்லை. கால் உள்ளே போக, ஊன்றிய கை மணிக்கட்டில் மளுக்கென்றது. பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தவள்தான் ஓடிவந்து தூக்கினாள். எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டுக்காரி. புருஷன் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக வளர்க்கிறவள்.

அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். புத்தி எங்கே போனதோ! கொழுந்து நிறுக்குமுன் மலையை விட்டு இறங்கினால் அரைப் பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம் போய்விடும்.

"பேசாம குந்துங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

எனக்கும் சேர்த்துப் பறித்து, தன் சாக்கிலிருந்து அள்ளி அள்ளி என் சாக்கில் போட்டாள். அவள் கைவேகத்துக்கு அவளுக்கும் குறையவில்லை. பின்னேரம் நிறுத்தபோது என் பேருக்குப் பதினெட்டுக் கிலோ. முழுப் பேர். கணக்கப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னவோ பெரிசாய்ச் சாதித்துவிட்டதுபோல இருவரும் சிரித்துக்கொண்டோம். மறுநாள் விடியும்போது கை பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நாலாவது தடவை, தோட்டத்து ஆட்கள் அன்றன்றைய பேரும் கிலோவும் பதியும் செக்ரோலைக் கொண்டுவந்து லேபர் ஒபிஸ் மேசையில் விரித்தார்கள். நான் வீட்டில் விழுந்துவிட்டுத் தோட்டத்தின் மேல் பழி போடுகிறேனாம். சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. விசாரித்த ஐயா நல்ல மனுஷர்தான். தெரிந்த தமிழில் என்னிடமே கேட்டார்.

"பகல் கை ஒடஞ்சா, பின்னேரம் பதினெட்டு கிலோ எப்படி? வேற யாரும் பறிச்சு குடுத்ததா?"

ஒருத்தி பறித்ததை இன்னொருத்தி பேரில் நிறுத்தால் இரண்டு பேருக்கும் வேலையில்லை என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தின மாதம்கூட ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கென்ன, என் வேலைதான் ஏற்கெனவே போய்விட்டதே.

நான் விழுந்ததற்குச் சாட்சி சொல்ல வந்த கடைசி வீட்டுக்காரி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முழங்கையால் இடித்தாள்.

"சொல்லிடுங்கக்கா. என்னய நெறுத்துனா நெறுத்தட்டும்."

சொன்னாளே தவிர, முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, என் மேலா, அந்தச் செக்ரோல் மேலா, தெரியவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"யாருமில்லீங்க. நான்தான் பறிச்சேன்" என்றேன்.

"அப்ப அன்னைக்கு கை ஒடையலயா?"

கோணிப்போன மணிக்கட்டு அவர் கண்ணெதிரே மேசைமேல்தான் கிடந்தது. இடது கையால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒடையலைங்க" என்றேன்.