அமெரிக்க நிவாரணமும் பதினொன்றாவது பன்னும்

கடைக்காரரிடம் ஜனங்கள் விலை கேட்பார்கள், டாக்டரிடம் மருந்து கேட்பார்கள், வரிக்கணக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவளிடம் மட்டும் "நீ யாரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்களே, இது உங்களுக்காகத்தான்.

துடியலூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து இங்கே குடியிருக்கிறவர்களுக்கு அந்த நாட்டு வரிக்கணக்கை எங்கள் ஆடிட்டர் சார் போட்டுக் கொடுப்பார். கணக்கு அவர் பாடு. போன் எடுப்பது, காகிதத்தை ஸ்கேன் பண்ணுவது, சார் சொல்வதை வருகிறவர்களுக்குப் புரியும்படி சொல்வது என் பாடு. படித்தது கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். வாய் மட்டும் நன்றாகப் பேசும். மகள் யாழினி பள்ளி விட்டதும் நேராக இங்கேயே வந்துவிடலாம் என்பதால் சேர்ந்த வேலை.

கொரோனா சமயத்தில் அமெரிக்க அரசாங்கம் தன் ஜனங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிவாரணம் கொடுத்தது. குடிமகன் பொள்ளாச்சியில் இருந்தாலும் அவனுக்கும் உண்டு. ஆனால் இங்கே வந்தபின் கணக்கே போடாமல் விட்டவர்கள் பலருக்கு அது வந்து சேரவில்லை. மூன்று வருஷத்துக்குள் கணக்குப் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். கெடு நெருங்கவும், "பழைய ஆளுங்களுக்கெல்லாம் போன் போடும்மா" என்றார் சார். அங்கே பிடித்தது சனி.

போனில் வந்த வரவேற்பு

முதல் போன் பொள்ளாச்சி ரங்கசாமி அண்ணனுக்கு. அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை ஒன்றை வருஷக்கணக்காக நடத்தி, ஒழுங்காக வரி கட்டிவிட்டு, ஊருக்கு வந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். "ஏனுங்கண்ணா, அமெரிக்காவுல இருந்து உங்களுக்குப் பணம் வர வேண்டியிருக்குதுங்க" என்றேன். டொக். மறுபடியும் போட்டேன். மறுபடியும் டொக்.

மூன்றாம் தடவை அவரே ஆரம்பித்தார். "ஓடிபி கேப்பியே, கேளு."

"அதெல்லாம் வேண்டாமுங்கண்ணா, நேர்ல ஆபீசுக்கு வந்தாப் போதுமுங்க."

"நேர்ல வரச்சொல்லி கிட்னியைக் கழட்டிக்கிறதுக்கா?"

சாரின் பேரைச் சொன்னேன், பழைய கணக்கைச் சொன்னேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் கொஞ்சம் இரக்கப்பட்டுச் சொன்னார்: "போன வாரம் லாட்டரி உழுந்துருக்குதுன்னு ஒரு புள்ள பேசுச்சு. அது கொரலு உன்னைய விட நல்லா இருந்துச்சு கண்ணு."

பை நிறைய பன்

அடுத்த வாரமே அண்ணன் படியேறி வந்தார். அவராக வரவில்லை, ஸ்பீக்கரில் நான் பேசியதைக் கேட்டிருந்த அவர் சம்சாரம் சரசக்கா இழுத்து வந்தார். வந்தவர் கையில் ஒரு பை. கீழே பேக்கரியில் பத்து தேங்காய் பன் வாங்கினால் ஒன்று சும்மா என்று எழுதிப் போட்டிருந்தார்களாம். "பதினொன்னு!" என்று பையைத் தூக்கிக் காட்டினார். "இருக்கறது நாம ரெண்டு பேரு, யாரு திங்கறது?" என்று சரசக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

சார் நிவாரணத்தைப் பற்றி விளக்கி முடித்ததும் அண்ணன் முகம் மாறிவிட்டது. "நிவாரணமெல்லாம் வெள்ளத்துல ஊடு போனவனுக்குங்க. என்ர குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் நிவாரணத்துக்குக் கை நீட்டுனதில்லை" என்று எழுந்து கீழே போய்விட்டார். சரசக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். விஷயம் இதுதான். அமெரிக்காவில் இருக்கும் ஒரே மகளுக்கு இது தலைப்பிரசவம், இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. தோப்பில் நோய் விழுந்து பாதி மரத்தை வெட்டியாகிவிட்டது, கையில் காசில்லை. மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்றதற்கும் அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். இந்தப் பணம் வந்தால் சரசக்கா போய் மகள் பக்கத்தில் இருக்கலாம். வராவிட்டால் பேரப்பிள்ளையை வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

சேர்த்துக் கணக்குப் போட்டால் அண்ணன் கையெழுத்தும் வேண்டும். "உங்களுக்கு மட்டும் தனியாவும் போடலாம், ஆனா புருஷன் பொண்டாட்டி தனித்தனின்னு எழுதணும்" என்றார் சார். சரசக்கா பதறிப்போனார். "இத்தனை வருசம் ஒண்ணாக் குடும்பம் நடத்திப்போட்டு, அமெரிக்காக்காரங்கிட்டப் போயி நாங்க தனித்தனின்னு எழுதிக் குடுக்கறதுங்களா? ஊர்ல தெரிஞ்சா என்னங்க பேசுவாங்க?"

சோப்புப் போட்ட கை

வேண்டாம் என்பவரை நினைத்து நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அதே வாரம், வேண்டும் என்று சத்தியமங்கலத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் வீட்டில் பல வருஷம் இருந்து குடியுரிமை வாங்கியவர். வந்ததும் ரேஷன் கார்டை மேஜையில் வைத்தார். டோக்கன் எப்போது தருவீர்கள் என்றார். "எங்கூரு மெசின்ல என்ர ரேகை உழுகறதே இல்லைங்க, அதான் பஸ் ஸ்டாண்டுல சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தேன்" என்று விரலையும் நீட்டினார்.

கார்டு, டோக்கன், ரேகை எதுவுமே வேண்டாம், பணம் நேராக பேங்க் கணக்குக்கே வந்துவிடும் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது. "வெறும் பணந்தானுங்களா? ஒரு கரும்பாவது குடுத்தா வாங்குன மாதிரி இருக்குமுங்க அம்மணி."

கெடுவுக்கு முந்தின வாரம்

சரசக்கா தனியாக, ரெண்டு பஸ் மாறி வந்தார். அவர் சொல்லிப் பார்த்தார், மகள் சொல்லிப் பார்த்தாள், அண்ணன் அசையவில்லை. "அந்தப் பணம் எங்க வருதுன்னாவது காட்டு கண்ணு, பாத்துட்டுப் போறேன்" என்றார். கம்ப்யூட்டரில் அந்த வரியைக் காட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தேன். "ரிபேட்டுன்னு போட்டிருக்குதுங்கக்கா."

"ரிபேட்டுன்னா?"

"தள்ளுபடிங்க. பண்டிகைக்குத் துணிக்கடையில போடுவாங்களே, அது."

சரசக்கா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "நெசமாலுமே அப்படித்தான் போட்டிருக்குதா?" என்று சாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். "ஆமாங்க, வரிக்கணக்குல அதுக்குப் பேரே அதுதான்" என்றார் சார்.

மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும்போதே அண்ணன் படியில் நின்றிருந்தார். "வரி கட்டுனவனுக்கெல்லாம் தள்ளுபடி போட்டிருக்கறானாமே?"

"ஆமாங்கண்ணா."

"என்ரகூட அங்க கடை நடத்துன கூட்டாளி, அவனும் உங்ககிட்டத்தானே கணக்குப் போடறான், வாங்கிப்போட்டானா?"

"அவரு அப்பவே வாங்கிட்டாருங்க."

"கெடு எப்போ?"

"இந்த வாரத்தோட சரிங்க."

அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னை முறைத்தார். "தள்ளுபடின்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன? நிவாரணம் நிவாரணம்னு சொல்லி ஒரு மானஸ்தனை வெரட்டி உட்டுப்போட்டியே அம்மணி!"

காத்திருக்கும்போது ஒரு பாட்டு

கணக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. ஒரு மாதம், ரெண்டு மாதம், மூன்று மாதம். பணம் கேட்டது நீங்களேதானா என்று போனில் உறுதி செய்யச் சொல்லி அமெரிக்க வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அங்கே காலையில் ஆபீஸ் திறக்கும்போது நமக்குச் சாயங்காலம். சரசக்காவும் அண்ணனும் வந்து போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எடுத்தவுடன் ஒரு மிஷின் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. அதே பாட்டு, திரும்பத் திரும்ப. டீ வந்து, ஆறி, குடித்தும் முடித்தாகிவிட்டது. யாழினி பாட்டைக் கேட்டு ஆட ஆரம்பித்தாள். எங்கள் முறை வரும் நேரத்தில் லைன் அறுந்தது. மறுநாளும் அதே கதை. சரசக்கா காலண்டரைப் பார்ப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தார்.

மூன்றாம் நாள் ஒரு பெண் பேசினாள். அண்ணன் எழுந்து நின்று, "எஸ்ஸுங்க மேடம், நோவுங்க மேடம்" என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எல்லாம் சரி, பணம் வரும் என்று அவள் சொன்னதும் சரசக்கா யாழினியைத் தூக்கிக்கொண்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "பாப்பா மூணே நாள்ல ஒரு பாட்டுக்கு முழுசா ஆடக் கத்துக்கிட்டா. டான்ஸ் கிளாஸ் பீஸை அமெரிக்காவே கட்டிருச்சு போ!"

பதினொன்றாவது

மகளோடு சேர்ந்து அங்கே வைத்திருந்த கணக்கில் பணம் விழுந்தபோது பிரசவத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அன்றே சரசக்காவுக்கு மட்டும் டிக்கெட் போட்டாகிவிட்டது. ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் ரெண்டு பேரும் ஆபீஸுக்கு வந்தார்கள். சரசக்கா பெட்டி முழுக்கப் பிரசவ மருந்துப் பொடியும், பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்த துணியும். அண்ணன் கையில் மறுபடியும் பதினொரு பன்னோடு ஒரு பை. ஒன்றை எடுத்து யாழினிக்குக் கொடுத்துவிட்டு, பத்தை சம்சாரத்தின் கைப்பையில் திணித்தார். "மாப்பிள்ளைக்குப் புடிக்கும், நசுக்கிப்போடாத."

டாக்ஸி வந்து நின்றது. சரசக்கா இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மட்டும் படியில் நின்று, பெட்டியை ஏற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒரு டிக்கெட் எடுத்தா இன்னொன்னு சும்மான்னு எந்த ஏரோப்ளேன்காரனாவது போட்டான்னா ஒரு போன் போடு கண்ணு, இந்தவாட்டி கட் பண்ண மாட்டேன்."

பணத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவரும் வேலையை சார் பார்த்துக்கொள்வாருங்க. அதை வாங்கிக்கொள்ள ஒரு மனுஷனை மாடிப்படி ஏற வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.