துதிக்கை வைத்த லை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவின் ஈப்போவில் ஒரு டயர் கடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். வேலை முடிந்ததும், வாரத்தில் இரண்டு மாலைகள், ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்த வரைகலை வகுப்புக்குப் போவேன். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெண். ஆசிரியை சீனர். ஒருநாள் அவர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்: காலத்தால் நிலைத்த ஓர் அச்செழுத்தைத் தேர்ந்தெடுத்து, அதைக் கொண்டாடும் ஒரு போஸ்டர் செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்குச் சிக்கல் இல்லை. தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் ஆங்கில எழுத்துத் தாள்கள் கடையில் கிடைத்தன. நான் மட்டும் கையைத் தூக்கி, தமிழில் செய்யலாமா என்று கேட்டேன். தனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் எழுத்து நன்றாக நிற்கிறதா இல்லையா என்று தன்னால் பார்க்க முடியும், செய் என்றார் ஆசிரியை.

தமிழ் எழுத்துக்கு எங்கே போவது? எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ் அச்சகம் இருந்தது. அங்கே அச்சுக் கோத்த அக்கா ஒருவரிடம் போய் நின்றேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அன்று ஏதோ தேவாலயத்துக்கான பாட்டுத்தாளைக் கோத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“எல்லா எழுத்தும் வேணுமா? என்னால முடியாது லா. ஒண்ணு சொல்லு, பெருசா அடிச்சுத் தாரேன்.”

“எது அழகுன்னு நீங்களே சொல்லுங்கக்கா.”

அவர் யோசிக்கவே இல்லை. பெரிய எழுத்துகள் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு ஓர் ஈய எழுத்தை எடுத்தார். லை. இப்போது நாம் எழுதுகிற லை இல்லை. முன்னால் துதிக்கை போல ஒரு சுழி மேலே எழுந்து ல-வோடு சேர்ந்திருக்கும் பழைய லை. “எழுத்துச் சீர்திருத்தமாம், இனிமே இத எழுத வேணாங்கிறாங்க. இருக்கட்டும். இத எடு” என்றார். அதைக் கறுப்பு மையில் மூன்று தாள்களில் அழுத்திக் கொடுத்தார். காலை, வேலை, இலை, மலை, மாலை என்று அந்த எழுத்து வரும் சொற்களையும் அதே முகத்தில், அதாவது அதே எழுத்து வடிவில், சிறிதாகக் கோத்து அச்சடித்துத் தந்தார்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தோட்டப் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சாவு அறிவிப்பு எல்லாம் இதே முகத்தில்தான் எனக்கு வந்து சேர்ந்திருந்தன. அதற்கு ஒரு பெயர் உண்டா என்று அக்காவிடம் கேட்டேன். பெட்டியில் ஓர் எண் மட்டும் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்.

எழுத்தை நகலெடுக்கும் கடையில் பெரிதாக்கினேன். பெரிதானதும் ஓரமெல்லாம் பிசிறாகத் தெரிந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, பேனாவால் ஓரத்தை வழுவழுவென்று திருத்தினேன். ஆசிரியை என் வேலையையும் அச்சகத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது வேறு எழுத்து” என்றார். அழுகை வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. மறுபடி பெரிதாக்கி, பிசிறை அப்படியே விட்டு, செம்மண் நிறத்தின்மேல் ஒட்டினேன். கீழே அந்தச் சொற்கள் ஒரே வரியாக நின்றன.

வகுப்பின் போஸ்டர்களை ஒரு பொது மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். திறப்பு நாளில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பஸ்ஸில் வரச் சொல்லி, இருவரும் போனோம். உள்ளே நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. போஸ்டர் தலைகீழாகத் தொங்கியது. நான்கு நாளாக அப்படியே இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை.

“ஏம்மா, தலகீழா மாட்டியிருக்காங்க?” என்றார் அம்மா.

“சும்மா இரும்மா. வா, போலாம்.”

“ஏன் போவணும்? அவங்களுக்குத் தெரியாது, நாமதான் சொல்லணும்.”

நான் தடுப்பதற்குள், வாசலில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பணியாளரிடம் போய்விட்டார். “அபாங், தெர்பாலிக் லா!” அண்ணே, தலைகீழாக இருக்கிறது என்று அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். அவர் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். எது மேல், எது கீழ் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா முழங்கையை மூக்கருகே வைத்துக் கையை மேலே வளைத்துக் காட்டினார். “காஜா! பெலாலாய் அத்தாஸ்!” யானை, துதிக்கை மேலே. அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். ஏணி கொண்டுவந்து, போஸ்டரைத் திருப்பி மாட்டி, நேராக இருக்கிறதா என்று அம்மாவிடமே கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அம்மா இரண்டு வருஷம்தான் பள்ளிக்கூடம் போனவர். அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. அன்று அந்தச் சுவரின் முன் நின்று, விரலால் காற்றில் தொட்டபடி, “கா…லை. வே…லை. இ…லை” என்று கடைசிச் சொல்வரை படித்தார். பணியாளரும் ஏணியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கூச்சத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தேனே என்று இருந்தது.

மேல்பக்கம் எது என்று குறிக்காமல் கொடுத்தது தன் தவறு என்று அடுத்த வகுப்பில் ஆசிரியை எல்லார் முன்னாலும் சொன்னார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. மறு வருடம் அந்தப் போஸ்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை கேட்கப் போனேன். அதை விரித்த ஐந்தாவது நிமிடம் வேலை கிடைத்தது. டயர் கடையை விட்டேன். அதன்பிறகு என் பிழைப்பு முழுக்க எழுத்துகளோடுதான். புது வேலையில் முதல் மாதம் முடிந்த சனிக்கிழமை, ஒரு டப்பா பிஸ்கட்டோடு அச்சுக் கோத்த அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் கையெல்லாம் மை. “வச்சிட்டு உக்காரு, வாரேன்” என்றார். கோத்துக்கொண்டிருந்த வரி முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.