மண் அரித்த அரிதட்டு

என் குசினிச் சுவரில் ஒரு அரிதட்டு தொங்குகிறது. மா அரிக்கிற அரிதட்டுத்தான். ஆனால் கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு அதில் ஒரு பிடி மாவும் நான் அரித்ததில்லை. இடம்பெயர்ந்து ஓடியபோது சட்டி பானையை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு மறுமொழி சொன்னதில்லை. எல்லாருக்கும் மறுமொழி சொல்லுகிற பெண்ணும் அல்ல நான்.

அந்த வருடம் என் அக்காவின் புருசன், என் அத்தான், கொழும்பில் கடையை நெருப்புக்குக் கொடுத்துவிட்டு உடுத்த சாரத்தோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு கொடிகாமத்துக்கு வந்து சேர்ந்தார். சந்தைக்குக் கிட்ட அக்காவின் சீதனக் காணி சும்மா கிடந்தது. அதில் மரக்கறியும் தேங்காயும் அடுக்க ஒரு பெரிய கிட்டங்கி கட்டி, மாம்பழக் காலத்துக்கு முன்னம் கூரை போட்டுவிட்டால் மறுபடி நிமிரலாம் என்று நினைத்தார். அத்திவாரம் வெட்டும்போது மண்வெட்டி ஒரு தாழியில் பட்டது. பக்கத்தில் இன்னும் தாழிகள். உள்ளே எலும்பு. வெட்டியவர்கள் வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டு, செத்தவர்களுக்கு மேலே கல்லு வைக்கமாட்டோம் என்றுவிட்டார்கள்.

ஊர் விதானையார் சொல்லி நெல்லியடியிலிருந்து ஒரு ஐயா வந்தார். புதைபொருள் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவர். கட்டடம் கட்டுகிறவர்கள் கூப்பிட்டால் வந்து நிலத்தைக் கிண்டிப் பார்த்துக் கொடுப்பார். நூல் கட்டி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஈர்க்கால் மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தார். என்னிடம் வந்து அரிதட்டுக் கேட்டார்.

“ஐயா, இது இடியப்ப மா அரிக்கிறது. பிரேதத்து மண்ணை அரிச்சால் பிறகு ஆருக்குச் சமைக்கிறது?”

“உங்கடை இடியப்பம் சாப்பிட்டுத்தான் கேக்கிறன் பிள்ளை. பெரிய கண் அரிதட்டு எண்டால் சின்னச் சாமான் தப்பிப் போடும்.”

புகழ்ச்சிக்கு மயங்கிக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம். அவர் சொன்னது சரி.

ஒரு சின்னத் தாழிக்குப் பக்கத்து மண்ணை அரித்தபோது கடுகளவு மணிகள் அரிதட்டில் தங்கின. “சின்னப் பிள்ளையின்ரை போலை கிடக்கு” என்றார் ஐயா. அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மூத்தது தவழ முன்னம் போய்விட்டது. புதைத்தது கொழும்பில். இனி அந்த மண்ணைப் போய்ப் பார்க்க வழியில்லை.

“உந்தத் தாழியை எங்கை கொண்டு போவியள் ஐயா?”

“எங்கை வைச்சாலும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வைப்பன் அம்மா.”

காணி மூலையில் நிற்கும் வேம்புக்குக் கீழே வைத்து விளக்கேற்ற வேணும் என்று அக்கா அன்றே என்னிடம் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவனின் திறமையைப் பொழுதுபடக் கரையில் கிடக்கும் மண்கும்பியை வைத்துத்தான் மதிப்பது. அத்தானும் சந்தையால் வந்தவுடன் அந்தக் கும்பியைத்தான் தேடுவார். “மச்சாள், உந்த மனுசன் பகல் முழுக்க இருந்து ஒரு கடகம் மண் எடுத்திருக்கிறார். என்ரை கடையிலை இருந்த எலி இதைவிடக் கூடத் தோண்டும்” என்பார். எப்போது முடியும் என்று ஐயாவைக் கேட்டால், “கிண்டக் கிண்டத்தான் தெரியும்” என்பார். எரிந்த கடையின் மணம் மூக்கை விட்டுப் போகாத மனுசனுக்கு அந்த மறுமொழி எப்படிக் காணும்?

கடைசியில் அத்தான் கிணறு வெட்டுகிற கொந்தராத்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் சாரத்தை மடித்துக்கட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமை கல்லு வையுங்கோ அண்ணை” என்றார். நெல்லியடி ஐயா நூலைச் சுற்றி எடுத்தார். அரிதட்டைக் கழுவி என் கையில் தந்தார். “அந்தச் சின்னத் தாழியை மட்டும் கவனமாய் எடுக்கச் சொல்லுங்கோ” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

வெள்ளிக்கு முன்னம் நிலம் கூட்டி விட்டதுபோல் கிடந்தது. அக்கா ஓடி வந்தாள்.

“சின்னத் தாழி எங்கை?”

“எல்லாம் துப்புரவாய் எடுத்தாச்சு அக்கா” என்றார் கொந்தராத்துக்காரர்.

“எடுத்து எங்கை வைச்சனியள்?”

“உழவு மெசின் பெட்டியிலை ஏத்திவிட்டது. ஆக்கள் எங்கை கொட்டினாங்களோ.”

அத்தானின் முகம் செத்துப்போனது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளம், பற்றை எல்லாம் தேடித் திரிந்தார். வெறுங்கையோடு வந்தார்.

மாம்பழத்துக்குக் கிட்டங்கி திறந்தது. வியாபாரமும் குறைவில்லை. அக்கா மட்டும் உள்ளே போகவில்லை. விளக்கைக் கொளுத்தி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு ஓடி வலிகாமத்துச் சனம் வந்து கிட்டங்கியில் நிறைந்தபோது, பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டுத்தான் கஞ்சிப் பானையோடு முதல்முதல் அந்த வாசலைத் தாண்டினாள்.

இப்போது இரண்டு பேரும் இல்லை. கிட்டங்கியும் சண்டையில் செல் குண்டு விழுந்து போய்விட்டது. போன கிழமை அக்காவின் மகன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். அந்த இடத்தில் மாடிக்கடை கட்டப் போகிறானாம்.

“சின்னம்மா, கட்ட முன்னம் நிலத்தைக் கிண்டிப் பாத்துத் தாற கொம்பனியள் இப்ப இருக்கு. ரெண்டு பேரிட்டைக் கேட்டிருக்கிறன். ஆரைப் பிடிப்பம்?”

“ரெண்டு பேரையும் என்னட்டை அனுப்பு மோனை. எடுக்கிறதை எங்கை வைப்பினம் எண்டு கேக்கவேணும்.”

அவன் சிரித்தான். “அதை விடுங்கோ. ஆர் கெதியா முடிப்பினம் எண்டதுதானே முக்கியம்.”

தகப்பனின் குரல் அச்சொட்டாக அப்படியே.

ஒருத்தரும் இன்னும் வரவில்லை. அரிதட்டைக் கழற்றித் துடைத்தேன். ஐயா எவ்வளவு கழுவியும் விளிம்பு மடிப்புக்குள் அந்தச் சின்னத் தாழிப் பக்கத்து மண் கொஞ்சம் தங்கித்தான் கிடக்கிறது. அக்கா விளக்கு வைத்திருக்கக்கூடிய மண் அதுதான். அதைத் தட்டாமல் திரும்பக் கொழுவிவிட்டேன்.