முசியேவின் எட்டு சிலிண்டர்

அந்தக் காரை முதன்முதலில் பார்த்தபோது நான் அதைக் காராகவே பார்க்கவில்லை. அதன் மேல் அடுக்கியிருந்த தென்னை மட்டைகளையும் கால் போன ஒரு கட்டிலையும்தான் பார்த்தேன். உண்மையில் அதையும் சரியாகப் பார்க்கவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போனது பெண் கேட்க. ஷெட்டையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் ஸ்கூட்டரின் ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைக்க வந்தாள். நான் வைத்த வெல்டிங் நிற்கவில்லை. மறுபடி வந்தாள். மறுபடியும் நிற்கவில்லை. அவள் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்று நான் வேண்டுமென்றே அப்படிச் செய்ததாக நண்பர்கள் இன்றும் புகழ்வார்கள். நானும் மறுப்பதில்லை. நான் வைத்த வெல்டிங் எதுவுமே நிற்காது என்பது பட்டறை முதலாளிக்கு மட்டும் தெரியும்.

அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் முசியே, அதாவது பிரெஞ்சில் 'ஐயா'. மனைவி இல்லை. இரண்டு மகன்களும் பிரான்சில். மகளுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு, அவளைக் கட்டுகிறவனும் பிரான்சுக்குப் போய்விடலாம். அங்கேதான் என் சிக்கல் தொடங்கியது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பெண்ணை விரும்புகிறவனை யாரும் பெண்ணை விரும்புகிறவனாகப் பார்க்க மாட்டார்கள். விமானத்தை விரும்புகிறவனாகத்தான் பார்ப்பார்கள்.

முசியேவும் அப்படித்தான் பார்த்தார். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்ஜின் வேலை தெரியுமா?"

"தெரியும் முசியே."

எனக்குத் தெரிந்தது எங்கள் கிராமத்துப் பம்புசெட்டு இன்ஜின். அதிலும், எந்த இடத்தில் உதைத்தால் ஓடும் என்பது மட்டும்.

அவர் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் மட்டைகளை ஒதுக்கினார். உள்ளே ஓர் அமெரிக்கக் கார். ஜெர்மனியில் பிரெஞ்சுப் படையோடு இருந்த காலத்தில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் வாங்கியதாம். ஓய்வு பெற்றதும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கதவு இரண்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு வாசல்கதவு நீளம். ஸ்டியரிங் இடது பக்கம். எட்டு சிலிண்டர். மூக்கு மட்டுமே ஒரு மாருதி அளவுக்கு இருந்தது. பல வருஷமாக அது அசையவில்லை.

"இத ஓட வையி. பீச் ரோட்ல ஒரு ரவுண்டு போவோம். அப்புறம் உன் விஷயத்தப் பேசலாம்."

"ரெண்டு வாரம் குடுங்க முசியே."

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவளுடைய ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைத்தவன் நான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் இரண்டு வருஷமாக நீண்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஷெட்டுக்குள் போவேன், இருட்டினால் வெளியே வருவேன். ஷெட்டுக்கு ஒரே வாசல்தான். அதில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முசியே உட்கார்ந்திருப்பார். டீ குடிக்கப் போக வேண்டும் என்றாலும் அவர் காலை மடக்க வேண்டும். அவள் காபி கொண்டுவந்தால் டம்ளரை அவர் வாங்கி என்னிடம் கொடுப்பார். யாரைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போனேனோ, அவளைப் பட்டறையில் பார்த்த அளவுகூடப் பார்க்க முடியவில்லை. ஒரு ஜன்னல் நிறையக் கோபம்தான் தெரியும்.

காருக்கு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போட்டேன். ரேடியேட்டர் ஒரு ஜீப்புடையது. ஃபேன் பெல்ட் ஒரு நெல் மிஷினுடையது. சைலன்சரை நானே செய்தேன். அதனால் அதைச் சைலன்சர் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கண்ணாடி கடகடவென்று ஆடாமலிருக்க ஹவாய் செருப்பை நறுக்கிக் கதவுக்குள் அடைத்தேன். ஆடவில்லை. இறங்கவும் இல்லை. முசியே பக்கத்துக் கண்ணாடி மூடியபடியே நின்றுவிட்டது. என் பக்கம் நாலு விரல் இறங்கியது.

இடையில் பாரிசிலிருந்து அவள் அத்தை ஒரு போட்டோ அனுப்பினாள். கோட்டு போட்ட மாப்பிள்ளை. பின்னால் அவனுடைய கார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அது ஓடுகிற கார். முசியே போட்டோவை மேஜை மேல் நிற்க வைத்தார். அந்த வாரம் அவள் முதல்முறையாக டம்ளரை என்னிடமே நேராக நீட்டினாள்.

"கிறிஸ்மஸுக்கு அத்தை வராங்க. அதுக்குள்ள இது ஓடலன்னா என்னத் தள்ளிக்கினு போயிடுவாங்க. புரியுதா?"

புரிந்தது. நவம்பரில் ஒருநாள் இன்ஜின் பிடித்தது. தெருவில் நாய்கள் ஓடின, எதிர்வீட்டில் ஒரு குழந்தை அழுதது, முசியே நாற்காலியை விட்டு எழுந்து சல்யூட் அடித்தார். காரின் மூக்கு தெருவைப் பார்த்தபடிதான் ஷெட்டில் நின்றிருந்தது. அதனால் சோதனை என்றால், கியர் போட்டு வாசல்வரை ஓட்டுவோம். பிறகு தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் பின்னால் தள்ளி வைப்போம். எல்லாரும் சந்தோஷமாகத் தள்ளினார்கள். இந்த ஏற்பாட்டில் என்ன குறை என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் சவாரிக்கு ஒரு ஞாயிறு குறித்தோம். பாதிரியார் வந்து புனித நீர் தெளித்துவிட்டுப் போனார். என் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழங்களை நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்தேன். முசியே அதைக் கவனிக்காத மாதிரி மேலே பார்த்தார். அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். வேறெங்கும் போவதற்கு முன்னால் அம்மன் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட வேண்டும்.

முசியே ஓட்டினார். இடது பக்க ஸ்டியரிங் அவருக்குத்தான் பழக்கம். நான் வலது பக்கம் தேங்காயோடு உட்கார்ந்தேன். மீனவர்கள் இருக்கும் வைத்திக்குப்பம் பக்கம் வந்ததும் சொன்னேன்.

"முசியே, இந்தச் சந்துக்குள்ள ஒரு சின்ன அம்மன் கோயிலு. ஒரே நிமிஷம். அந்தாண்ட வெளிய போனா நேரா பீச்சு."

"சந்துல வண்டி போவுமா?"

"ஆட்டோவே போவுது முசியே!"

ஆட்டோ போகிற சந்தில் எது வேண்டுமானாலும் போகும் என்று நினைத்தேன். அவர் தன் பக்கத்துச் சுவரைப் பார்த்து ஓட்டினார். நான் என் பக்கத்துச் சுவரைப் பார்த்து, "எடம் இருக்கு, வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். என் பக்கம் நாலு விரல் இடம் இருந்தது. அவர் பக்கமும் நாலு விரல். சந்து குறுகக் குறுக இரண்டு பேருமே மிகச் சரியாக வேலை செய்தோம். ஒரு கீறல் இல்லாமல் காரை நட்ட நடுவில் கொண்டுபோய்ச் செருகினோம்.

எதிரே, பழுதுபார்க்கக் கவிழ்த்துப் போட்டிருந்த படகு. முசியே பிரேக் போட்டார்.

"பின்னால எடு" என்றார், தனக்குத்தானே. கியரை இழுத்தார். ஒரு கறகற சத்தம். மறுபடி இழுத்தார். சத்தம்கூட இல்லை.

"ரிவர்ஸ் போட்டுப் பாத்தியா?"

"எப்ப முசியே?"

"இந்த ரெண்டு வருஷத்துல."

யோசித்தேன். எப்போதும் தள்ளித்தான் பின்னால் எடுத்தோம். இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அந்தக் கியரை யாரும் தொடவில்லை. சொன்னேன். அவர் பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். மொழி தெரியாததில் இருக்கிற நன்மையை அன்று உணர்ந்தேன்.

ரேடியேட்டர் கொதித்து இன்ஜின் நின்றது. கதவைத் திறக்கப் பார்த்தேன். சுவரில் இடித்தது. அவர் பக்கமும் அப்படியே. கண்ணாடிகளின் கதைதான் தெரியுமே. வெயில் தகரத்தின் மேல் இறங்கத் தொடங்கியது. மடியில் தேங்காய்.

செல்போன் என்னிடம் மட்டும்தான் இருந்தது, அதில் பேச பேலன்ஸ் இல்லை. அவளுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். எங்களுக்குள் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு, உன்னை நினைத்தேன் என்று. அவளும் உடனே ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். மறுபடி கொடுத்தேன். மறுபடி வந்தது. அன்று மாதிரி அன்பாக அவள் எப்போதும் பதில் கொடுத்ததில்லை.

முசியே எட்டிப் பார்த்தார். அவள் எண்ணை 'ஸ்டாண்டு' என்று பதிந்து வைத்திருந்தேன்.

"யாரு இந்த ஸ்டாண்டு?"

"ஃப்ரெண்டு முசியே."

"நாம சாவறோம். உன் ஃப்ரெண்டு அடிச்சு அடிச்சு கட் பண்றான்."

மீன்கூடையோடு ஓர் அம்மாள் பின்பக்கமாக வந்தாள். முசியேவின் தெருவுக்கும் தினமும் மீன் விற்க வருகிறவள். கண்ணாடிவழி உள்ளே பார்த்தாள்.

"இன்னாய்யா இது? பொட்டில அடச்ச வஞ்சிரம் மாதிரி ரெண்டு பேரும் குந்திக்கினு கீறீங்க? முசியேவா அது? ஐயய்யோ, பொண்ணுக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் போய் வீட்டில் சொல்வதற்குள் எங்களுக்கு நிறைய நேரம் இருந்தது. முசியே முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ நேஷனாலிட்டிக்குத்தான் வந்தேன்னு நெனச்சேன். ஒரு மாசத்துல ஓடிடுவேன்னு பாத்தேன்."

"முசியே, இந்தச் சந்துலேருந்து வெளிய போவவே எனக்கு வழி தெரியல. பிரான்சுக்கு எங்க போவப் போறேன்?"

அவர் சிரிக்கவில்லை. "என் பசங்களும் போவ மாட்டோம்னுதான் சொன்னானுங்க" என்றார்.

தேங்காயை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினேன். முதல்தடவையாக, மேஜை மேல் இருந்த அந்தப் போட்டோவை அவரும் என்னைப் போலவே பயந்துதான் பார்த்திருப்பார் என்று பட்டது.

அவள் வந்தபோது சந்து நிறையக் கூட்டம். காரின் பின்பக்கம் ஏறி, கூரை மேல் தவழ்ந்து, முன்கண்ணாடியில் தலைகீழாக முகத்தைக் காட்டினாள். முதலில் என் பக்க ஜன்னலின் நாலு விரல் இடைவெளியில் தண்ணீர் பாட்டிலைச் செருகினாள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பப்பா, வண்டிய வலிக்கற ஆளுங்க ரெடியா இருக்காங்க. கயிறும் வந்துடுச்சு. ஒரு வார்த்த சொல்லிடு. அத்தைக்கு நான் இன்னா பதில் எழுதட்டும்?"

"மொதல்ல வெளிய எடுக்கச் சொல்லும்மா."

"மொதல்ல பதிலு."

"இங்கயேவா? இவ்ளோ பேரு எதிர்லயா?"

"வீட்ல கேட்டா எழுந்து போயிடற. இப்ப எங்க போவ?"

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மீன்கார அம்மாள் குரல் கேட்டது. "சொல்லிடு முசியே, மீனு நாறுது!"

முசியே என் பக்கம் திரும்பினார். அந்த வண்டிக்குள் திரும்புவதே பெரிய காரியம்.

"கல்யாணம் ஆனா எங்க இருப்பீங்க?"

"இங்கதான் முசியே."

"இங்கன்னா? உன் கிராமத்துலயா, பட்டறைலயா?"

மேலிருந்து அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் தலைகீழாக இருந்ததால் ஆமாம் என்கிறாளா வேண்டாம் என்கிறாளா என்பது விளங்கவில்லை.

"உங்க வீட்லயே இருக்கறேன் முசியே."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு மகளைப் பார்த்து, "அத்தைகிட்ட மாப்பிள்ளை பாத்தாச்சுன்னு எழுது" என்றார்.

படகு இழுக்கிற ஆட்கள் பின்பம்பரில் கயிறு கட்டி, பாட்டுப் பாடி, ஒரே மூச்சில் இழுத்தார்கள். பம்பர் மட்டும் வந்தது. அதற்கு வெல்டிங் வைத்தவன் நான்தான். அடுத்து அடியில் கயிறு கொடுத்து, பின்சக்கரங்களைக் கையால் தூக்கித் தூக்கி நகர்த்தினார்கள். அகலமான இடம் வந்ததும் கதவு திறந்தது. என் கால் இரண்டும் மடங்கியபடியே வெளியே வந்தன.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வீட்டோட மாப்பிள்ளையா இருக்கறேன்னு சட்டுனு சொல்லிட்டியே. கொஞ்சமாவது யோசிக்கத் தோணலியா?"

"உனக்குப் புடிக்கலியா?"

"எனக்குப் புடிச்சிருக்கு. உங்க அம்மாவுக்கு?"

அதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே மகன். பெண் வீட்டோடு போய்த் தங்கப்போகிறான் என்று கேட்டால் அம்மா அந்த உடைக்காத தேங்காயை என் தலையில்தான் உடைப்பாள்.

கூட்டமே சேர்ந்து காரை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனது. முசியே உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கையசைத்தபடி வந்தார். அவள் ஜன்னலோரம் நடந்து அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் பம்பரைக் காவடி மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு, அம்மாவிடம் முதல் வார்த்தையை எப்படி எடுப்பது என்று முணுமுணுத்துப் பார்த்தபடி, எல்லாருக்கும் பின்னால் நடந்தேன்.